ஹைகேட் கல்லறையும் ஓர் இழுப்பறையும்

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் இரவு லண்டன் மாநகரின் வடபகுதியிலுள்ள ஹைகேட் இடுகாட்டில் ஒரு கல்லறை திறக்கப்பட்டது. இங்கிலாந்து உள்துறை அமைச்சரின் முறையான அனுமதியோடுதான் அது நடந்தது. ஏழரை ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே துயின்றவர் எலிசபெத் சிடல். ஆனால் வந்தவர்கள் தேடியது அவருடைய கூந்தலருகே வைத்துப் புதைக்கப்பட்டிருந்த ஒரு கவிதைக் குறிப்பேட்டை. அதனை அங்கே வைத்தவரும் இப்போது எடுக்கச் சொன்னவரும் ஒருவரே. எலிசபெத்தின் கணவரும், ஓவியரும், கவிஞருமாகிய தாந்தே கேப்ரியல் ரோசெட்டி. அவர் இடுகாட்டுக்கு வரவில்லை. காரியத்தை முன்னின்று நடத்திய ஹோவெல் என்னும் நண்பரின் வீட்டில் காத்திருந்தார். அந்தக் குடும்பக் கல்லறையில் தம் கணவரை அடக்கம் செய்திருந்த தாய்க்குக்கூட அவர் செய்தி சொல்லவில்லை.

ரோசெட்டி 1828-இல் லண்டனில் பிறந்தவர். தந்தை, அரசியல் காரணங்களால் இத்தாலியை விட்டு வெளியேறிய கவிஞர். தாந்தேயின் நூல்களிலேயே மூழ்கிக் கிடந்தவர். கேப்ரியல் சார்லஸ் தாந்தே என்று சூட்டப்பட்ட பெயரில் கடைசியில் நின்ற 'தாந்தே'யை மகன் தாமே முன்னுக்குக் கொண்டுவந்தார். இருபது வயதில், 1848-இல், மில்லே, ஹோல்மன் ஹண்ட் முதலியோருடன் கூடிப் 'பிரீ-ராபலைட் சகோதரக் குழு'வை நிறுவினார். ராபேலுக்கு முற்பட்ட ஓவியர்களின் எளிமைக்கும் நுணுக்கத்துக்கும் திரும்புவதே அவ்விளைஞர்களின் வேட்கை. தாந்தேக்கு ஒரு பியாட்ரிஸ் இருந்தாள். எனவே தமக்கும் ஒருத்தி வேண்டும் என்ற எண்ணம் ரோசெட்டியிடம் எலிசபெத்தைக் காணும் முன்பே குடியேறிவிட்டது எனலாம். வாழ்வில் ஓரிரு முறையே கண்ட பியாட்ரிஸைப் பாடினார் பழைய தாந்தே. புதிய தாந்தேக்கோ பியாட்ரிஸ் பசியும் இருமலும் உள்ள பெண்ணாக எதிரிலேயே அமர்ந்திருந்தார். சிக்கல் அங்கேதான் தொடங்கிற்று.

எலிசபெத் 1829-இல் பிறந்தவர். கத்தி முதலிய கருவிகள் செய்யும் தொழிலாளியின் மகள். தொப்பிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்த அவரை, 'பன்னிரண்டாம் இரவு' நாடகக் காட்சியைத் தீட்ட முகம் தேடிய வால்ட்டர் டெவரல் என்ற ஓவியர் முதலில் அமரச் செய்தார். பின்னர் மற்றவர்களும் அழைத்தனர். குடும்பப் பெயரின் ஈற்றிலிருந்த இரண்டு 'எல்' எழுத்துகளில் ஒன்றை நீக்கச் சொன்னவர் ரோசெட்டி. பெயரையே திருத்தி எழுதிக்கொண்ட உறவு இது.

1851-52 குளிர்காலத்தில் மில்லே தம் புகழ்பெற்ற 'ஒஃபீலியா'வைத் தீட்டினார். நீரில் மிதக்கும் பெண்ணுக்காக எலிசபெத் பழைய வெள்ளி வேலைப்பாட்டு உடையணிந்து குளியல் தொட்டியில் கிடந்தார். நீர் ஆறாதிருக்க அடியில் விளக்குகள் ஏற்றியிருந்தனர். ஒருநாள் விளக்குகள் அணைந்ததை ஓவியர் கவனிக்கவில்லை. கிடந்தவர் வாய் திறந்து சொல்லவுமில்லை. கடுங்குளிர் கண்டது. தந்தை மருத்துவச் செலவுக்கு 50 பவுண்டு கேட்டு மில்லேக்கு எழுதினார். அந்த ஓவியம் இன்று டேட் பிரிட்டன் காட்சிக்கூடத்தில் மக்கள் திரண்டு காண்பவற்றுள் ஒன்று. அதன் முன் நிற்போர் காண்பது ஒஃபீலியாவின் மரணத்தை மட்டுமன்று, சொல்லாமல் பொறுத்துக்கொள்ளும் ஒரு தொழிலாளியின் பழக்கத்தையும்தான்.

அதன்பின் ரோசெட்டி அவரைப் பிறர்க்கு அமர விடாது தமக்கே உரியவராக்கிக் கொண்டார். தேம்ஸ் நதிக்கரையில் பிளாக்பிரையர்ஸ் பாலத்தருகே இருந்த அறைகளில் வரைந்துகொண்டே இருந்தார்: எலிசபெத் வாசிக்கிறார், தலை சாய்க்கிறார், நாற்காலியில் உறங்குகிறார். இழுப்பறை நிறைய எலிசபெத்தின் படங்களைக் கண்டு வியந்து, ஓவியர் ஃபோர்டு மேடாக்ஸ் பிரவுன் 1855-இல் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். தங்கை கிறிஸ்டினாவோ அந்த ஓவியக் கூடத்தில் எங்கும் ஒரே முகம் நோக்கி நிற்பதைப் பற்றி 1856-இல் கவிதையே எழுதினார். அது அச்சேறியது கிறிஸ்டினாவின் மறைவுக்குப் பின்னரே.

அந்த முகத்துக்கு உரியவர் தாமும் கையில் எழுதுகோல் ஏந்தியவர் என்பதைக் கலை வரலாறு நெடுங்காலம் ஓர் அடிக்குறிப்பாகவே வைத்திருந்தது. ரோசெட்டி அவருக்கு ஓவியம் கற்பித்தார். அதில் அவருடைய பெருந்தன்மையை மறுப்பதற்கில்லை. காந்தியடிகளின் வாழ்வையே மாற்றிய நூலை எழுதியவராக நாம் அறிந்த ஜான் ரஸ்கின், 1855-இல் எலிசபெத்தின் படங்கள் அனைத்தையும் வாங்கி, ஆண்டுக்கு 150 பவுண்டு உதவித்தொகையும் அளிக்க முன்வந்தார். 1857-இல் லண்டனில் அக்குழுவினர் நடத்திய கண்காட்சியில் இடம்பெற்ற ஒரே பெண் எலிசபெத்தான். அவர் தம்மைத் தாமே தீட்டிய சிறு ஓவியம் ஒன்றுண்டு. ரோசெட்டியின் படங்களில் காணும் கனவு மயக்கம் அதில் துளியும் இல்லை. களைத்த இமைகளோடு, இறுக மூடிய இதழ்களோடு, நேராகப் பார்க்கும் ஒரு பெண் இருக்கிறார்.

திருமணம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தள்ளிப்போயிற்று. வர்க்க வேறுபாடு ஒரு காரணம். ரோசெட்டியின் மனம் வேறு பெண்களிடம் அலைந்தது மற்றொன்று. 1860 மே 23-இல், எலிசபெத் நோயில் மெலிந்திருந்த வேளையில், ஹேஸ்டிங்ஸ் நகரில் மணம் நடந்தது. தேனிலவுக்குப் பாரிஸ் சென்ற இடத்தில் ரோசெட்டி வரைந்த படம் விந்தையானது. காட்டில் உலவும் காதலர் இருவர் தங்கள் உருவங்களையே எதிரில் கண்டு திடுக்கிடுகின்றனர். பெண் மயங்கிச் சாய்கிறாள். மறு ஆண்டு மே மாதம் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. பார்க்க வந்தவர்களிடம், குழந்தையை எழுப்பிவிடாதீர்கள் என்று சொல்லியபடி வெறுந்தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாராம் எலிசபெத். அபின் கலந்த லாடனம் என்னும் மருந்தின் பிடியும் இறுகியது. 1862 பிப்ரவரி 10 இரவு கவிஞர் ஸ்வின்பர்னோடு மூவரும் உணவருந்தித் திரும்பினர். ரோசெட்டி மீண்டும் வெளியே போய் வந்தபோது மனைவி நினைவிழந்து கிடந்தார். விடிந்ததும் உயிர் பிரிந்தது, வயது 32. தற்செயலான மரணம் என்று விசாரணை தீர்ப்பளித்தது.

மனைவி துன்புற்ற வேளைகளில் தாம் கவிதை எழுதிக்கொண்டிருந்த குற்றவுணர்வில்தான் ரோசெட்டி அக்குறிப்பேட்டைப் பெட்டியில் வைத்தார். பின்னர் செல்சியில் பெரிய வீடெடுத்து, மயில்களும் கங்காருவும் அர்மடில்லோவும் வளர்த்தார். மயில்களின் அகவல் அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுத்தது. 1869 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வளை தோண்டும் விலங்காகிய வொம்பாட் ஒன்று வந்து சேர்ந்தது. நவம்பரில் அது இறந்தபோது, தாம் அழுது நிற்பதாகவே படம் வரைந்தார். இவ்விரண்டு மாதங்களுக்கு நடுவில்தான் ஹைகேட் கல்லறை தோண்டப்பட்டது.

கண்பார்வை மங்குவதாக அஞ்சிய ரோசெட்டி, ஓவியம் கைவிட்டாலும் கவிஞராக நிலைபெற விரும்பினார். நினைவிலிருந்து மீட்ட கவிதைகள் போதவில்லை. எடுத்த ஏட்டை மருத்துவர் ஒருவர் மருந்திட்டு, தாள் தாளாக உலர்த்திக் கொடுத்தார். 'ஜென்னி' என்ற நெடுங்கவிதையின் பக்கங்களைப் புழு துளைத்திருந்தது. கூந்தல் பெட்டி நிறைய வளர்ந்து பொன்போல் ஒளிர்ந்ததென்பது ஹோவெல் பரப்பிய கதை. பொய்க்குப் பேர்போனவர் அவர். எலிசபெத்தால் இயன்றிருந்தால் அவரே அதைத் திருப்பித் தந்திருப்பார் என்று ரோசெட்டி ஸ்வின்பர்னுக்கு எழுதினார். படிப்பவர் நெஞ்சை உறுத்தும் வாதம் இது. ஆயினும் ஒரே கையெழுத்துப் படியைப் பறிகொடுத்த கவிஞர் எவரும் அவரை எளிதில் கல்லெறிய மாட்டார். 1870-இல் கவிதை நூல் வெளிவந்து புகழ் பெற்றது. அவ்வாண்டே 'பியாட்டா பியாட்ரிக்ஸ்' ஓவியமும் நிறைவுற்றது: கண்மூடிய எலிசபெத்தின் கைகளில் செம்புறா ஒன்று வெண்ணிற அபினிப் பூவை இடுகிறது.

எலிசபெத்தும் பதினைந்தை ஒட்டிய கவிதைகள் எழுதியிருந்தார். காதல் வற்றிய பின் எஞ்சும் களைப்பை, நாட்டுக் கதைப்பாடலின் எளிய சொற்களில் சொல்பவை அவை. வாழ்நாளில் ஒன்றும் அச்சேறவில்லை. மனைவியின் ஓவியங்களைத் தேடிச் சேர்த்து நிழற்படம் எடுக்கச் செய்த ரோசெட்டி, 1865-இல் அக்கவிதைகளைக் கிறிஸ்டினாவுக்கு அனுப்பியதுமுண்டு. அவரோ ஒருசேர வெளியிட முடியாத அளவு துயரமானவை என்று கருதினார். அவற்றை எடுக்க அமைச்சரின் அனுமதியோ மண்வெட்டியோ தேவைப்படவில்லை. ஓர் இழுப்பறையைத் திறந்தாலே போதும். ரோசெட்டியின் தம்பி வில்லியம் மைக்கேல் அவற்றுள் சிலவற்றை 1899-இலும் 1906-இலும் தம் நூல்களில் சேர்த்தார். முழுத் தொகுதி தனி நூலாகப் பதிப்பிக்கப்பட்டது மிகப் பிற்காலத்தில்தான்.

ரோசெட்டி 1882 ஏப்ரல் 9, ஈஸ்டர் நாளன்று, கென்ட் கடற்கரை ஊரான பர்ச்சிங்டனில் காலமானார். எக்காரணம் கொண்டும் தம்மை ஹைகேட்டில் புதைக்கலாகாது என்று முன்னரே சொல்லி வைத்திருந்தார், பர்ச்சிங்டனிலேயே அடக்கமானார். ஹைகேட்டின் அதே குடும்பக் கல்லறையில் 1895 ஜனவரியில் எலிசபெத்தோடு வந்து சேர்ந்தவர் கிறிஸ்டினா.