தபால் பையிலிருந்து 69ஏ வரை

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் ரயில் பாதை 1879இல் போட்டது. பாரதி காலத்தில் அந்த வண்டியில் ஏறினவர் வழியில் ஓர் எல்லையைத் தாண்டினார். இந்தப் பக்கம் தென்னார்க்காடு ஜில்லா, வெள்ளைக்காரன் ஆட்சி. அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. சாலையில் திண்டிவனம் வழியாகப் போனாலும் அதே கதைதான். எல்லையும் நேர்கோடு கிடையாது. ஓர் ஊர் இவர்களுடையது, அடுத்த ஊர் அவர்களுடையது.

இந்த எல்லையை நம்பித்தான் 1908இல் பாரதி புதுச்சேரி போனார். 'இந்தியா' வார இதழுக்கு ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் சென்னையில் கைதாகியிருந்தார். அக்டோபரில் இதழ் புதுச்சேரியிலிருந்து மறுபடி வரத் தொடங்கியது. பிரெஞ்சு மண்ணில் இருந்த அச்சகத்தைப் பிரிட்டிஷ் போலீஸ் தொட முடியாது. தொட வேண்டிய அவசியமும் இல்லை. படிக்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம்தானே இருக்கிறார்கள்? பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் பத்திரிகை வரக்கூடாது என்று தடை போட்டார்கள். 1910 மார்ச்சில் இதழ் நின்றது. எழுதுகிற கையை விட்டுவிட்டு, வருகிற பாதையை அடைப்பது. சீனா தன் இணையச் சுவரை நாட்டின் வாசல்களில் கட்டியிருப்பதும் இதே கணக்கில்தான்.

பாதையை அடைக்கச் சட்டம் கைவசம் இருந்தது. 'பொது அவசரநிலை', 'பொதுப் பாதுகாப்பு' என்றால் தபாலை நிறுத்தலாம் என்றது 1898 தபால் சட்டம். 1885 தந்திச் சட்டத்திலும் இதே சொற்கள். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், மூன்று தென்மாவட்டங்களில் இணையத்தை நிறுத்திய ஆணைக்கு அடிப்படை அந்தத் தந்திச் சட்டம்தான். பாரதி பிறந்த எட்டயபுரமும் அதில் அடக்கம். 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அந்தச் சொற்கள் அதிலும் உண்டு.

தனித்தனித் தளங்களை முடக்க இன்னொரு கருவி இருக்கிறது: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. 2025 பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. பிரதமரைக் கைவிலங்குடன் வரைந்த ஒரு கார்ட்டூன்தான் விவகாரம். முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்றது விகடன். நீதிமன்றம் போனார்கள். அந்த ஒரு படத்தை எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிடவேண்டும் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு படத்துக்காக முழுத் தளமும் மூன்று வாரம் அடைபட்டுக் கிடந்தது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். 1911இல் பாரதியின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' இரண்டையும் தடை செய்தபோது, 1910 பத்திரிகைச் சட்டப்படி அதைக் கெஜட்டில் அறிவித்தாக வேண்டும். எது தடையானது என்று ஊருக்குத் தெரியும். 2009இல் வந்த 69ஏ விதிகளில் 16ஆம் விதியோ, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் போனைத் தட்டிப் பார்க்கிறவர் சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். விகடனுக்கு வக்கீல் உண்டு, வாசகர் உண்டு. முடக்கினால் நாடே பேசும். நாலு பேர் படிக்கிற சின்னப் பக்கத்துக்கு அதெல்லாம் இல்லை. தடை இருப்பது தெரிந்தால்தானே கோர்ட்டுக்குப் போகமுடியும்?