பேட்டரிக்கு அடியில் ஏழு இலக்கம்

கைப்பேசியின் நாட்டை மாற்றும் வித்தை காலமாகிவிட்டது. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் எதுவும் வைக்கப்படவில்லை. அது வாழ்ந்த முகவரிகளில் இன்றும் கடைகள் இருக்கின்றன: சென்னையில் ரிச்சி தெரு, பர்மா பஜார், கொழும்பில் லிபர்ட்டி பிளாசா, துபாய்க்கும் தோஹாவுக்கும் ஆள் அனுப்பிய ஒவ்வோர் ஊரிலும் பேருந்து நிலையத்தை ஒட்டிய செல்போன் கடை. அங்கே போய், "இந்த செட்டுக்கு இந்தியா சாஃப்ட்வேர் போட்டுக் குடுங்க" என்று இன்று கேட்டால், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்றே புரியாது.

அவனுக்குப் புரியவைக்க நோக்கியாவிலிருந்து தொடங்க வேண்டும். பின்மூடியைத் தள்ளி, பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்தால் அடியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண், மாடலின் உள்பெயர் (3310 என்றால் என்எச்எம்-5, 1100 என்றால் ஆர்எச்-18, என்73 என்றால் பெரும்பாலும் ஆர்எம்-133), இவற்றோடு 'கோடு' என்று போட்டு ஏழு இலக்கங்கள். செட் வாங்க வந்தவர்கள் ஐஎம்இஐயைச் சரிபார்த்தார்கள். விவரம் தெரிந்தவர்களின் கண் அந்த ஏழு இலக்கத்துக்குப் போகும். செட்டின் நிறம், அது போய்ச் சேரவேண்டிய நாடு, உள்ளே இருக்கும் மொழிகள், ஆன் செய்தால் திரையில் எழும் தொலைபேசி நிறுவனத்தின் சின்னம் எல்லாம் அதற்குள் அடக்கம். உடம்பு ஒன்றேதான். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 நவம்பர் வரை இயங்கிய நோக்கியா ஆலையிலிருந்து மேற்காசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் செட்டுகள் போயின. ஒரே கூடத்தில் ஒரே கைகள் பூட்டிய இரண்டு செட்டில் ஒன்று சவூதிக்காரனாகவும் மற்றொன்று இந்தியனாகவும் பிரிவது இந்த எண்ணால்தான்.

ரேஷன் அட்டை எந்தக் கடையில் பதிவாகியிருக்கிறதோ அந்தக் கடையில்தானே சர்க்கரை கிடைத்தது? நோக்கியாவின் சர்வரும் அப்படித்தான் நடந்துகொண்டது. புதுப்பித்தல் கேட்டு செட் வந்து நின்றால் முதலில் எண்ணைப் பார்க்கும். அந்த எண்ணுக்கு உரிய மென்பொருளை மட்டும் கொடுக்கும். நம் கடைக்கு இன்னும் சரக்கு வரவில்லை என்றால் கையை விரித்துவிடும்.

மாற்ற வேண்டிய தேவை முதலில் வளைகுடாவிலிருந்து வந்தது. லீவில் வரும் அண்ணன் மச்சானுக்கு வாங்கி வந்த செட்டில் விசைகளின் மேல் அரபு எழுத்து அச்சாகியிருக்கும். உள்ளேயும் ஆங்கிலத்தை விட்டால் அரபும் அதன் அண்டை மொழிகளும்தான். கை தவறி மொழியை அரபுக்கு மாற்றிவிட்டால் மெனு வலமிருந்து இடமாக ஓடும், எந்தக் கதவு வழியாக வெளியே வருவது என்று தெரியாது. இந்தியாவுக்கென்று வந்த சாதாரண செட்டுகள் சிலவற்றில் இந்தியும் தமிழும் இருந்தன. அந்த மொழிப் பொட்டலத்தைக் கடைக்காரர்கள் பிபிஎம் என்றார்கள். அடிப்படை நிரலுக்கு எம்சியூ, படங்களும் ஒலிகளும் அடங்கிய மூட்டைக்கு சிஎன்டி. மூன்றையும் சேர்த்து ஏற்றினால் செட் நாடு மாறும். விசைப்பலகை ரப்பரை மட்டும் தனியாக வாங்கி மாற்ற வேண்டும். பர்மா பஜாரில் அதற்கும் கடை இருந்தது. 1969இல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக உருவான அந்தக் கடைத்தெருவில் வெளிநாட்டுச் செட்டுகளை நம் ஊர்க்காரர்களாக்கியது பொருத்தமான தொழில்தான்.

விலை உயர்ந்த செட்டுகளில் வேறு குறை. வெளிநாட்டிலிருந்து வந்த நோக்கியா 'என்' வரிசைச் செட்டில் தமிழ் எழுத்துரு இருக்காது. தமிழ் இணையப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓப்பரா மினி உலவியில் ஒளிந்திருந்த ஓர் அமைப்பை ஆன் செய்தால், எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்பும். தமிழ் வலைப்பதிவுகளைப் பலர் கைப்பேசியில் முதன்முதலாகப் படித்தது அப்படித்தான். மெதுவாக வரும், கட்டணத்தையும் ஏற்றும். ஆனாலும் கட்டங்களுக்குப் பதில் தமிழ் தெரிந்தது.

இங்கிலாந்திலிருந்து வரும் செட்டுகளின் கதை இன்னும் சுவாரசியமானது. நம் ஊரில் ரிலையன்ஸ், டாட்டா இண்டிகாம் சிடிஎம்ஏ செட்டுகளைத் தவிர்த்தால், தொலைபேசி நிறுவனம் தன் பெயரைப் பொறித்து விற்பது அபூர்வம். அங்கே அதுதான் வழக்கம். செட்டை மலிவாகவோ சும்மாவோ கொடுத்துவிட்டு, உள்ளே தன் வண்ணத்தையும் தன் கடைக்குப் போகும் பொத்தானையும் நிரப்பிவிடுவார்கள். வண்ணத்தைச் சகித்துக்கொள்ளலாம். 2007 மார்ச்சில் என்95 வந்தபோது விஷயம் வண்ணத்தைத் தாண்டிவிட்டது. வைஃபை வழியாக இணையத்தில் பேசும் வசதியை நோக்கியா அதில் வைத்திருந்தது. பிரிட்டனில் வோடஃபோனும் ஆரஞ்சும் விற்ற என்95களில் அந்த வசதியைக் காணோம் என்று அடுத்த மாதமே கூச்சல் எழுந்தது. இணையப் பேச்சு விற்ற ட்ரூஃபோன் நிறுவனம் வெளிப்படையாகச் சண்டைக்கு நின்றது. வன்பொருள் இருக்கிறது, நிரல் எழுதப்பட்டிருக்கிறது, காசும் கொடுத்தாயிற்று. இடையில் ஒருவன் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுக்கிறான். அந்த ஏழு இலக்கத்தை மாற்றிப் பொதுவான ஐரோப்பிய எண்ணைப் போட்டு மென்பொருளை மறுபடி இறக்கினால், கிழித்த பக்கம் திரும்பி வந்தது.

இதை அன்லாக் என்று நினைத்துக் குழப்பிக்கொண்டவர்கள் ஏராளம். சிம் பூட்டு வேறு, நாட்டு மென்பொருள் வேறு. ஒன்றைத் திறந்தால் மற்றது திறக்காது. இரண்டுக்கும் சேர்த்துக் காசு வாங்கிய கடைக்காரர்கள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அவசரப்படவில்லை.

கடையின் உள்ளறையைச் சொல்லாமல் இந்த இரங்கல் முழுமையாகாது. மேசையில் சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பாக்ஸ்: யூஎஃப்எஸ், டொர்னாடோ, பிறகு ஜாஃப். ஆணியில் கொத்தாகத் தொங்கும் கேபிள்கள், மாடலுக்கு ஒன்று. ஒரு முனையில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஒயரில் இருப்பதுபோன்ற பிளாஸ்டிக் செருகி; மறுமுனையில் சின்னச் சின்ன ஊசிகள். நோக்கியா செட்டுகளில் பேட்டரிக்கு அடியில் தங்க முலாம் பூசிய புள்ளிகள் இருக்கும், ஊசிகள் அவற்றில் அழுந்த வேண்டும். திரையில் பட்டை நகரத் தொடங்கியதும் மேசையை யாரும் அசைக்கக் கூடாது. பாதியில் நின்றால் செட் டெட். தமிழ்நாட்டில் மின்வெட்டு தலைவிரித்தாடிய ஆண்டுகளும் இதே ஆண்டுகள்தான்; யூபிஎஸ் இல்லாத கடையில் செட்டைக் கொடுப்பவன் துணிச்சல்காரன். அப்படி டெட் ஆனதையும் அதே பாக்ஸ் பெரும்பாலும் எழுப்பிவிடும் என்பதுதான் நோக்கியாவின் பெருந்தன்மை. எழுந்த செட்டில் 'கான்டாக்ட் சர்வீஸ்' என்று ஒரு வரி வந்து நின்றால் மட்டும் மெக்கானிக்கின் முகம் மாறும்.

"நம்பரெல்லாம் சிம்ல இருக்கா சார்?" என்பது அவர் கேட்கும் முதல் கேள்வி. இல்லை என்றால் போச்சு. தொலைபேசி எண்கள், குறுஞ்செய்திகள், குழந்தையின் படம் எல்லாம் அழிந்துதான் புது நாட்டுக்குப் போக முடியும். பயனரின் தரவைக் காப்பாற்றிக்கொண்டே மென்பொருளை மாற்றும் வசதி பின்னாளில்தான் வந்தது. பழைய நாள்களை நினைத்து உருகுபவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

பிறகு வித்தை கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது. நோக்கியா தானே சாஃப்ட்வேர் அப்டேட்டர் என்ற நிரலைக் கொடுத்தது, யூஎஸ்பி கேபிள் இருந்தால் போதும். கூடவே நெமிசிஸ் சர்வீஸ் சூட் என்ற இலவச நிரலை யாரோ புண்ணியவான்கள் எழுதிவிட்டார்கள். அதைத் திறந்து, செட்டைத் தேடச் சொல்லி, உற்பத்தி விவரப் பக்கத்தில் பழைய எண்ணைப் படித்து, புது எண்ணைத் தட்டி, எழுது என்று சொன்னால் முடிந்தது. ஸ்டிக்கரில் பழைய எண் அப்படியே இருக்கும். செட்டின் நினைவில் மட்டும் புதியது. அடுத்த முறை நோக்கியாவின் சர்வர் கேட்கும்போது செட் கூசாமல் "நான் ஐரோப்பா" என்று சொல்லும். சர்வரும் நம்பிவிடும். என்ஜினியரிங் கல்லூரி விடுதிகளில் இது ஒரு விளையாட்டாகவே நடந்தது. 5800 எக்ஸ்பிரஸ் மியூசிக்குக்கு 2010 தொடக்கத்தில் வி40 மென்பொருள் வந்தது. விரலால் தள்ளினால் பட்டியல் வழுக்கி ஓடும். உன் எண்ணுக்கு இன்னும் வரவில்லை என்று சர்வர் சொன்னால் காத்திருக்க யாருக்குப் பொறுமை? எண்ணை மாற்றிவிட்டு அன்றிரவே ஓடவிட்டுப் பார்த்தார்கள். பிறகு *#0000# அடித்து, திரையில் வரும் பதிப்பு எண்ணை அறைத்தோழனிடம் காட்டுவது ஒரு சடங்கு.

இறந்தவரைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும் என்பது மரபு. ஆனால் அதே மேசையில், அதே வகைப் பாக்ஸில், வேறு வேலையும் நடந்தது. திருட்டுச் செட்டின் ஐஎம்இஐயை மாற்றிக் கொடுத்த கடைகள் எந்த ஊரில் இல்லை? செல்லுபடியாகும் ஐஎம்இஐ இல்லாத செட்டுகளுக்கு இணைப்பைத் துண்டிக்க இந்திய அரசு 2009 நவம்பர் இறுதியைக் கெடுவாக வைத்தது. 2017இல் அந்த எண்ணைத் திருத்துவதையே குற்றமாக்கி விதி வந்தது. நாடு மாற்றுவதற்கும் ஐஎம்இஐ மாற்றுவதற்கும் சம்பந்தமில்லை என்றாலும், பக்கத்தில் உட்கார்ந்த குற்றத்துக்காக இந்த வித்தையின் மேலும் போலீஸ் பார்வை விழுந்தது.

சாவுக்கு ஒரே காரணம் இல்லை. முதல் அடி ஆப்பிளிடமிருந்து. 2010இல் ஐஃபோன் 4 வந்தபோது வளைகுடாவில் விற்றவற்றில் ஃபேஸ்டைம் இல்லை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு முகம் பார்த்துப் பேச ஏங்கியவர்கள் எங்கே அதிகமோ அங்கே பார்த்து அந்த வசதி இல்லை. என்95இல் நடந்த அதே அநியாயம்தான். ஆனால் இந்த முறை ரிச்சி தெருவின் பழைய வித்தையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பேட்டரியைக் கழற்ற முடியாது, ஸ்டிக்கர் கிடையாது, மாற்றி எழுத ஏழு இலக்கம் கிடையாது. பூட்டை உடைக்காதவரை, ஆப்பிள் கையெழுத்திட்ட நிரலைத் தவிர வேறெதையும் அந்தச் செட் ஏற்காது. சவூதியில் ஃபேஸ்டைம் வந்தது 2018இல், அதுவும் நாட்டின் விதி தளர்ந்த பிறகு, ஆப்பிள் தந்து.

சாம்சங்கில் வித்தை இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்தது. அங்கே ஏழு இலக்கத்துக்குப் பதில் சிஎஸ்சி என்ற மூன்றெழுத்து: இந்தியா ஐஎன்எஸ், அமீரகம் எக்ஸ்எஸ்ஜி, சவூதி கேஎஸ்ஏ. நிறுவனத்திலிருந்து கசிந்த ஓடின் என்ற நிரலால் எந்த நாட்டு மென்பொருளையும் ஏற்றினார்கள். 2013இல் நோட் 3 வந்தபோது, ஐரோப்பாவில் வாங்கியதில் முதலில் ஐரோப்பிய சிம்மைப் போட்டுத் தொடங்க வேண்டும் என்று பூட்டு வைத்தார்கள். அதே காலத்தில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாடு வந்தது. அங்கீகாரமில்லாத நிரலை ஏற்றினால் உள்ளே ஒரு மின் உருகி எரிந்து, நாக்ஸ் கணக்கில் பூஜ்யம் ஒன்றாகும். பிறகு எந்த மெக்கானிக்காலும் அதைப் பூஜ்யமாக்க முடியாது. நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவு 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. அதன் பிறகு அந்தப் பக்கம் சொல்ல ஒன்றுமில்லை.

இருந்தாலும் பூட்டுகள் கொன்றதைவிட வசதி கொன்றதுதான் அதிகம் என்பது என் எண்ணம். எங்கே வாங்கினாலும் இன்று செட்டில் தமிழ் இருக்கிறது. துபாய் செட்டும் சென்னை செட்டும் அதிக இடைவெளி இல்லாமல் புதுப்பிக்கப்படுகின்றன. சாம்சங் பல நாட்டு அமைப்புகளை ஒரே மூட்டையில் போட்டு அனுப்புகிறது. சிம்மைப் பார்த்து செட் தானே தன் நாட்டைத் தேர்ந்துகொள்கிறது. தேவையே இல்லாமல் போனால் மெக்கானிக் எதற்கு? இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் எனக்குப் பாதிச் சம்மதம் உண்டு.

மீதிப் பாதி இது: எல்லைக்கோடு அழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஜப்பானில் வாங்கிய ஐஃபோன் படம் எடுக்கும்போது அங்கே சத்தம் போட்டே தீரும். 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குப் பணிந்து வேறு செயலிக் கடைகளுக்கு ஆப்பிள் கதவைத் திறந்தது, அப்போது ஒன்றியத்துக்குள் மட்டும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், உங்கள் கணக்கு எந்த நாட்டது என்று செட்டே பார்த்து முடிவு செய்கிறது. ஒன்றியத்தைவிட்டு வெளியேறி முப்பது நாள் தாண்டினால், அந்தக் கடைகளில் வாங்கியவற்றுக்குப் புதுப்பித்தல் நின்றுவிடும். முன்பு கோடு பேட்டரிக்கு அடியில் அச்சாகியிருந்தது. படிக்கத் தெரிந்தவன் படித்தான், துணிந்தவன் மாற்றினான்.

மறைந்த வித்தைக்கு வாரிசுகள் சிலர் உண்டு. சீனச் சந்தைக்கான ஷாவ்மி செட்டில் உலகப் பதிப்பை ஏற்றுபவர்கள், மென்பொருள் பூட்டைத் திறக்க அந்த நிறுவனத்திடம் விண்ணப்பித்துவிட்டு 168 மணி நேரம் காத்துக் கிடந்தார்கள். சாம்சங்காரர்களின் கதை தலைகீழ். அழைப்பைப் பதிவு செய்யும் வசதியைச் சாம்சங் பெரும்பாலான ஐரோப்பியச் செட்டுகளில் கொடுக்கவில்லை, இந்தியச் செட்டுகளில் கொடுத்தது. அதனால் ஒரு காலத்தில் நம் பையன்கள் ஐரோப்பிய எண்ணைத் தேடி அலைந்ததுபோல, அங்கே உள்ளவர்கள் ஐஎன்எஸ் என்ற நம் மூன்றெழுத்தைத் தங்கள் செட்டில் எழுத வழி தேடினார்கள். ஒரு வழியைக் கண்டுபிடித்தால், அடுத்த பாதுகாப்புப் புதுப்பித்தலில் சாம்சங் அதை அடைத்துவிட்டது.