மடையான் இருக்கு, மடை எங்கே?

போன மாசம் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். பீரோவில் ஏதோ தேடப் போனவன் கையில் ரெண்டு பழைய கேமராவோடு வந்து நின்றான். ஒன்று, பையனுக்காக 2012-ல் பழசாக வாங்கின நிக்கான் டி70. இன்னொன்று, மச்சினன் 2007-ல் கல்ஃபிலிருந்து கொண்டுவந்த சட்டைப்பை கேமரா. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும்.

"மாமா, இந்த ரெண்டையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டுரலாமா? இப்ப போன்லயே 50 மெகாபிக்சல் இருக்கு"ன்னு கேட்டான்.

போடக்கூடாதுன்னு சொன்னேன். ஏன்னு அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பின்னால் போய்த்தான் ஆரம்பிக்கணும்.

எங்க நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த பூமி. 1900-ஐ ஒட்டி திருவிதாங்கூர் அரசாங்கத்துக்குப் படம் எடுத்துக் கொடுத்தவர் சகரியாஸ் டி குரூஸ். அந்தக் காலத்து கேமரா முக்காலி மேல் நிற்கும் பெட்டி. கண்ணாடித் தகடு போட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுக்கணும். அவ்வளவு பாடுபட்டு எதை எடுப்பாங்க? அரண்மனை, கோயில், மலை, மகாராஜா. தொளியில் நின்று நாற்று நடும் பொம்பளையை எடுக்க யார் பெட்டி தூக்கி வருவா?

என் அப்பா காலத்திலும் பெரிசா மாறல. எங்க வீட்டில் அப்பாவோட சின்ன வயசுப் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. கல்யாணம் முடிஞ்சு நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. ஸ்டுடியோக்காரர் கொடுத்த கோட்டு, பின்னால் திரைச்சீலையில் வரைஞ்ச தூணும் தோட்டமும். வெயிலில் கறுத்த மனுசர், யாரோ ஒருத்தர் கோட்டில் நிற்கிறார்.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வசதியுள்ள வீடுகளில் ஆக்ஃபா கிளிக் 3 என்று ஒரு பெட்டி கேமரா இருந்தது. பரோடாவில் செய்தது. ஒரு ஃபிலிம் சுருளுக்கு 12 படம். ஊட்டியில் 1960-ல் தொடங்கின இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனி 'இந்து' என்ற பேரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் விற்றது. ஃபிலிம் வாங்கக் காசு, கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. அதனால் அந்த 12-க்குள் என்ன வரும்? கல்யாணம், காதுகுத்து, வகுப்புப் படம். பிறகு, வீட்டுப் பெரியவர் செத்தால் பிணத்தைச் சுற்றி நின்று ஒரு படம். அறுத்தடிப்புக் களத்தை யாரும் எடுக்கல. ஒரு வாய்க்காலை எடுக்கிறவனைப் பார்த்தால் ஊரே சிரிச்சிருக்கும்.

அதோட நஷ்டம் என்னன்னு எங்களுக்கு உறைச்சது 2004 டிசம்பர் 26-ல். சுனாமியில் மணக்குடிப் பாலம் அடிச்சிட்டுப் போயிற்று. எத்தனையோ தடவை சைக்கிளில் கடந்து போன பாலம். பாலம் முன்னால் எப்படி இருந்ததுன்னு பிள்ளைகளுக்குக் காட்ட எங்க தெருவில் ஒரு வீட்டிலும் படம் இல்லை. உயிர் போன கணக்குக்கு முன்னால் அது பெரிய காரியம் இல்லைதான். ஆனாலும் மனசில் நின்றது.

இதுக்கிடையில் எங்கேயோ தூரத்தில் கேமராவின் சாதியே மாறிக்கொண்டு இருந்தது. அமெரிக்காவில் கோடக் கம்பெனி இஞ்சினியர் ஸ்டீவன் சாசன் 1975-ல் ஃபிலிம் இல்லாத கேமரா ஒன்றைச் செய்தார். எடை 3.6 கிலோ. ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி. படத்தில் இருந்தது மொத்தம் 10,000 புள்ளி. இப்போ சொல்கிற மெகாபிக்சல் கணக்கில் 0.01. அதை முதலில் செய்த கோடக், ஃபிலிம் வியாபாரத்தை விட மனசில்லாமல் இருந்து, 2012-ல் திவால் மனு போட்டது வேறு கதை.

அந்த விதை ரெண்டு கிளையாக முளைச்சது. ஒன்று பெரிய கிளை, டிஎஸ்எல்ஆர். லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி. நாம் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்துக்கு அது வெளிச்சத்தைத் திருப்பிவிடும். பொத்தானை அமுக்கினால் கண்ணாடி மேலே எழும், வெளிச்சம் பின்னால் உள்ள சென்சாரில் விழும், கண்ணாடி திரும்ப இறங்கும். அந்த 'களக்' சத்தம் அதுதான். ஆரம்பத்தில் இதெல்லாம் பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் எட்டுகிற விலை. 2003-ல் வந்த கேனான் 300டி-தான் 1000 டாலருக்குக் கீழே வந்த முதல் டிஎஸ்எல்ஆர். அடுத்த வருசம் நிக்கான் டி70. ரெண்டும் 6 மெகாபிக்சல் சுமாருக்கு.

இன்னொன்று சின்னக் கிளை. 2000-ல் கேனான் டிஜிட்டல் இக்சஸ், 2002-ல் ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன்கூட இல்லாத கேசியோ எக்ஸிலிம் என்று, கேமரா வரவர மெலிஞ்சு பைக்குள் போயிற்று.

எங்க வீட்டுக் கேமரா ரெண்டும் 6 மெகாபிக்சல்தான். அப்போ ரெண்டும் ஒன்றுதானேன்னு தோணும். அங்கேதான் விஷயம் இருக்கு. டி70-ன் சென்சார் 23.7-க்கு 15.6 மில்லிமீட்டர். சின்னதில் உள்ளது சுமார் 5.8-க்கு 4.3. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் பெரியது ஏறத்தாழ 15 மடங்கு. எங்க கணக்கில் சொல்லணும்னா, ஒன்று 15 மரக்கால் விதைப்பாடு, இன்னொன்று ஒரு மரக்கால் விதைப்பாடு. ரெண்டிலும் ஒரே எண்ணிக்கை நாற்றை நட்டால் என்ன ஆகும்? சின்ன வயலில் நெருக்கி நட்ட மூட்டுக்கு வெயில் கிடைக்காது. அதேபோல் சின்ன சென்சாரில் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் கம்மி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எடுத்தால் படம் முழுக்கத் தவிடு தூவின மாதிரி இருக்கும். டி70 அந்த நேரத்திலும் நிறம் கெடாமல் எடுக்கும்.

வேகமும் அப்படித்தான். டி70-ல் அமுக்கின உடனே படம் விழும். சின்னதில் அமுக்கினால் அது யோசிச்சு, லென்ஸை முன்னே பின்னே தள்ளிப் பார்த்து, பிறகுதான் எடுக்கும். அதுக்குள் கொக்கு பறந்திருக்கும். உச்சி வெயிலில் வயலில் நின்றால் சின்னதின் திரையில் ஒன்றும் தெரியாது, குத்துமதிப்பாகத்தான் எடுக்கணும்.

ஆனால் டி70 லென்ஸோடு ஒரு கிலோவை எட்டும். மடை திறக்கப் போகிறவன் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக் குனிய முடியுமா? ரெண்டு பருவமழையும் பெய்கிற எங்க மாவட்டத்தில் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை வேறு பிடிக்கும். அரிசிப் பானைக்குள் வைக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். வைத்துப் பார்த்தேன், தவிடுதான் ஒட்டிச்சு. சின்னது சட்டைப்பையிலேயே கிடக்கும். அதனால் அது வயலுக்கு வந்தது, பெரியது தேரூர் குளத்துக்குப் போச்சு.

தேரூர் குளம் சென்னை ஆட்கள் சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். சுசீந்திரம் – தேரூர் நீர்நிலையை 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தாங்க. என் பையன் லீவு நாளெல்லாம் டி70-ஐத் தூக்கிக்கொண்டு அங்கே போவான். கூழைக்கடா, நீளவால் இலைக்கோழி என்று அவன் எடுத்த படங்களைப் பார்த்தால் இறகை எண்ணலாம். எங்க வயலிலும் 2013-ல் ஒரு மடையானை எடுத்தான். மடை ஓரமா அசையாமல் நிற்கிறதால்தான் அதுக்கு அந்தப் பேர்னு அப்பா சொல்லுவார். அந்தப் படத்தைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டு நடுவீட்டில் மாட்டியிருக்கோம். வருகிறவங்க எல்லாரும் அதைத்தான் முதலில் பார்ப்பாங்க.

பிறகு 2016-ல் அந்தக் காரியம் நடந்தது. எங்க வயல் அனந்தனார் கால்வாயின் ஒரு கிளையில் கடைமடை. 1906-ல் கட்டி முடிச்ச பேச்சிப்பாறை அணைத் தண்ணி, எத்தனையோ மடை தாண்டி, கடைசியில் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக எங்களுக்கு வரணும். மேலே இருந்த வயலை ஒருத்தர் வாங்கி, மண் அடிச்சு, கல் நட்டு பிளாட் போட்டார். வாய்க்கால் மண்ணுக்குள் போயிற்று. போய்க் கேட்டால், "இங்க வாய்க்காலே கிடையாதே அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டார். பட்டா நிலத்துக்குள் போகும் சின்ன வாய்க்கால் புலப்படத்தில் இல்லை. அலுவலகத்தில், "ஏதாவது ஆதாரம் இருந்தால் கொண்டு வாங்க"ன்னு சொல்லி அனுப்பினாங்க.

எனக்கு உடனே மடையான் படம் ஞாபகம் வந்தது. அதே மடைதானே! ஓடிப்போய் சுவரில் பார்த்தேன். மடையான் அப்படியே இருக்கு. கண், அலகு, கழுத்தில் உள்ள கோடு எல்லாம் தெளிவு. பின்னால் பச்சையும் பழுப்புமாக ஒரு குழைவு. மடை எங்கே? இல்லை. கம்ப்யூட்டரில் பெரிசாக்கிப் பார்த்தாலும் அதே குழைவுதான்.

அது கேமராவின் தப்பு இல்லை. பெரிய சென்சாரும் நீள லென்ஸும் சேர்ந்தால், எதைக் குறி வைக்கிறோமோ அது மட்டும் தெளியும், முன்னும் பின்னும் கலங்கும். அதுக்காகத்தான் அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். சின்ன சென்சார் கேமராவின் லென்ஸ் மில்லிமீட்டர் கணக்கில் ரொம்பக் குட்டி. அதனால் ஜூம் பண்ணாமல் எடுத்தால் நாலைந்து அடிக்கு அப்பால் உள்ள எல்லாமே ஏறத்தாழ தெளிவாக விழும். படக்கலை தெரிஞ்சவங்க இதைக் குறையாகச் சொல்லுவாங்க.

ரெண்டு நாள் பழைய சிடிகளைக் கிளறினோம். ஒரு படம் கிடைத்தது. மகள் பள்ளிக்கூட யூனிஃபார்மில் வரப்பில் நின்று பல்லைக் காட்டுகிறாள். "என்னை எடுங்கப்பா"ன்னு அடம்பிடிச்சு எடுத்த படம். அவளுக்குப் பின்னால் அப்பா, முதுகைக் காட்டிக் குனிஞ்சு, மடை திறந்துகொண்டு இருக்கிறார். வாய்க்காலுக்குக் குறுக்கே அவர் மம்பட்டி கிடக்கு. அதுக்கும் பின்னால் லிண்டில் மட்டத்துக்கு எழும்பின ஒரு வீடு. எல்லாம் தெளிவு.

ஆனால் கோப்பைத் திறந்தால் தேதி 1-1-2000! பேட்டரி முழுக்க இறங்கினதில் கேமராவின் கடிகாரம் பழைய தொடக்கத்துக்கே போயிருக்கு. "இது என்ன தேதி?"ன்னு கேட்டால் என்ன சொல்ல? பையன்தான் படத்தை வைத்தே கணக்குப் போட்டான். கேமரா எங்க கைக்கு வந்ததே 2007-ல். பின்னால் உள்ள வீட்டின் முகப்பில் 2008 என்று சிமெண்டில் எழுதியிருக்கு. படத்தில் அதுக்கு இன்னும் கூரையே இல்லை. வயலில் நட்டுப் பத்து நாள் ஆன கும்பப்பூப் பயிர். அப்படின்னா 2007 கடைசி. அகலத்துக்கு மம்பட்டி சாட்சி. மம்பட்டிக் கை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு எட்டவில்லை. மூன்றடிக்கு மேல் உள்ள வாய்க்கால்.

அந்த ஒரு படமும், பக்கத்து வயல்காரர்கள் ஏழெட்டுப் பேர் கையெழுத்தும் சேர்ந்துதான் பேச்சுவார்த்தைக்கு வழி விட்டது. முழு வெற்றின்னு சொல்ல மாட்டேன். திறந்த வாய்க்கால் திரும்பக் கிடைக்கல. மண்ணுக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் போட்டுக் கொடுத்தாங்க. பெருமழையில் அது அடைச்சுக்கொள்ளும், நான்தான் கம்பு விட்டுக் குத்தணும். ஆனாலும் தண்ணி வருது. வயல் வயலாக இருக்கு.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, கவிதை எழுதினதோடு நிற்காமல், அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைத் தேடிப் பார்த்தவர். பிறகு ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றைப் புத்தகமாக்கினார். அந்த ஓலைகளில் இருப்பது என்ன? நில விற்பனை, வரி, கடன், அடிமை ஓலை. எழுதினவன் வரலாறு எழுதுகிறோம்னு எழுதல, கணக்குக்காக எழுதினான். இன்னைக்கு நாஞ்சில் நாட்டில் சாதாரண சனம் எப்படி வாழ்ந்ததுன்னு தெரிய அதுதான் நமக்குக் கைப்பிடி. என் மகளை எடுத்த படமும் அப்படி ஒரு ஓலை நறுக்குதான்.

இதைச் சொல்லி முடிச்சதும் அக்கா மகன் தன் போனை எடுத்து, வாசலில் இருந்த எங்க அம்மாவை ஒரு படம் எடுத்துக் காட்டினான். அம்மா முகம் பளிச்சுன்னு இருக்கு. பின்னால் இருந்த திண்ணை, உரல், மாட்டுத்தொழுவம் எல்லாம் மங்கல். போன் சென்சாரும் சின்னதுதானே, எப்படின்னு கேட்டேன். "போர்ட்ரெய்ட் மோட் மாமா, அதுவே பின்னாடி உள்ளதை அழிச்சிரும்"னான். சின்னக் கேமராவுக்கு இயல்பாகக் கிடைச்ச தெளிவை, பெரிய கேமரா மாதிரி தெரியணும்னு வேலை மெனக்கெட்டு அழிக்கிறோம்!

ஊருக்கு வந்து பாட்டியையும் தாத்தாவையும் படம் எடுக்கிறவங்ககிட்ட ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாலு படம் அழகாக எடுங்க, வேண்டாங்கல. அஞ்சாவது படத்தில் அந்த மோடை அணைச்சிட்டு, ரெண்டடி பின்னால் போய், சுவரும் கிணறும் வாய்க்காலும் விழுகிற மாதிரி ஒன்று எடுத்து வையுங்க. போனில் தேதி சரியாக இருக்கான்னும் பார்த்துக்கோங்க.

எங்க நடுவீட்டில் இப்போ மடையான் படத்துக்குப் பக்கத்தில் மகள் படமும் மாட்டியிருக்கு. அப்பா 2011-ல் போயிட்டார். அவர் வயலில் வேலை செய்கிற படம் எங்ககிட்ட அது ஒன்றுதான். முகம் தெரியாது. ஆனால் கோட்டு இல்லாத, எங்களுக்குத் தெரிஞ்ச அப்பா அதில்தான் இருக்கிறார்.