கடுகண்ணாவை வீதியும் மண்ணகற்றுவோரும்

கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் நெடுவீதியை வெட்டும் பணி 1820ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. அதைத் திறந்து வைத்திருக்கும் பணியோ இன்றுவரை முடிந்தபாடில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் நிற்கும் வெண்ணிறக் கோபுரம் வழிப்போக்கர் யாவரும் கண்டதே. வீதியை வகுத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தபின், அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பெற்றது அது. வீதியை அமைத்தவருக்குக் கோபுரம் கிடைத்தது. மாரிதோறும் அதன்மேற் சரிந்த மண்ணை அள்ளி வழிவிட்டோரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

மலை ஏன் சரிகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கண்டிச் சீமையின் அடியிலுள்ளது மிகப் பழைய கடும்பாறை. பல்லாயிரம் ஆண்டு மழையிலும் வெயிலிலும் அதன் மேற்புறம் உக்கி மண்ணாகி, பாறைமேல் விரித்த போர்வைபோற் கிடக்கிறது. மழைநீர் அம்மண்ணில் இறங்கிப் பாறையில் முட்டி நிற்கும்போது, மண்ணின் பாரம் கூடுகிறது, பிடிப்புக் குறைகிறது. சரிவின் காலடியை வெட்டித்தான் மலைவீதி அமைக்க முடியும். ஆகவே, தாங்கி நின்ற காலை வெட்டியபின் உடலைக் காத்து நிற்கும் பொறுப்பு வெட்டியவர்களைச் சேர்ந்தது.

தேசாதிபதி சேர் எட்வேட் பான்ஸ் காலத்தில் இப்பொறுப்பு இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின் மேல் விழுந்தது. நிலத்துக்கு ஈடாக மன்னனுக்குச் செய்த பழைய ஊழியத்தை, ஆங்கில அரசு வீதி வெட்டுவதற்குத் திருப்பிக்கொண்டது. 1820இல் வீதியின் ஒரு பகுதி தோமஸ் ஸ்கின்னர் என்னும் இளம் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டபோது அவருக்கு வயது பதினாறு. வீதி வேலையில் அறிவு யாதும் இல்லை. அவர் பின்னாளில் இத்தீவின் வீதிகளுக்கெல்லாம் தலைவராகி, 1867இல் ஓய்வு பெற்றார். இராசகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டபின், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வீதி வேலையிற் சேர்ந்தனர். தோட்ட லயங்களின் கதை ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. பொதுவேலைப் பகுதியின் ஓவசியருக்குக் கீழே மண்வெட்டியும் அலவாங்கும் பிடித்த கைகளின் கதை அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

அக்கால வீதியின் துணைவருள் யானையையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். 1845 முதல் 1850 வரை குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் தம் நூலிலே ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். கண்டிக்கு அருகே ஒரு மாலை அவர் குதிரையிற் செல்கையில், பாகனின்றித் தனியே வந்த யானையொன்று பெரிய உத்திரத்தைக் கொம்புகளின்மேல் ஏந்தி எதிர்ப்பட்டது. ஒடுங்கிய பாதை, குதிரை மிரண்டது. யானை நிலைமையை உணர்ந்து, சுமையைக் கீழே போட்டுவிட்டுப் பின்னோக்கிப் பற்றைக்குள் ஒதுங்கி நின்று வழிவிட்டதாம். கடுகண்ணாவை வளைவுகளில் இன்று முந்திச் செல்லத் துடிக்கும் வாகன ஓட்டிகள் கேட்கவேண்டிய கதை இது.

யானைக்குப்பின் வந்தது இயந்திரம். குளிர்நாடுகளில் வாகனத்தின் முன்னே அகன்ற உருக்குத் தட்டைப் பொருத்தி வீதியிற் கிடக்கும் பனியை ஒதுக்குவர். அதே முறையில் மண்ணைத் தள்ளும் தட்டை உழவு இயந்திரத்தின் முன் பூட்டும் கருவி, 1923இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் இருவரால் அமைக்கப்பெற்றது. புல்டோசரின் தொடக்கம் அது. இலங்கையில் 1949இல் தொடங்கிய கல்லோயா அணைவேலையிலே பெரும் மண்வாரி இயந்திரங்கள் உழைத்தன. இன்று மண்சரிந்த இடத்துக்கு முதலில் வந்து நிற்பது, ஊரார் பெக்கோ என்றழைக்கும் இயந்திரமே.

தட்டு ஒன்றாயினும் ஆபத்து ஒன்றன்று. பனி ஒதுக்குபவன் அஞ்சவேண்டியது பனிக்குள் மறைந்த கல்லுக்கும் வீதியோரக் கட்டுக்கும். வழித்தெடுத்த பனியின் பின்னால் வேறொன்றும் இல்லை. கடுகண்ணாவையில் வீதியிற் கிடக்கும் மண், மேலே எஞ்சி நிற்கும் மண்ணுக்கு முட்டுக்கொடுத்து நிற்பதாகவும் இருக்கலாம். அவசரப்பட்டு அதன் அடியைத் தோண்டினால் இரண்டாஞ் சரிவு இயந்திரத்தின் மேலேயே இறங்கும். அன்றியும், மண்வெட்டி பிடித்தவனின் காதுக்கு மேலிருந்து உருளும் சிறு கல்லின் ஓசை எட்டியது. இயந்திரம் ஓட்டுபவனுக்கு அந்தக் காது இல்லை. எஞ்சினின் இரைச்சல் அதை அடைத்துவிடுகிறது. ஆதலால் சரிவை மட்டுமே பார்த்து நிற்பதற்கு இன்னொருவர் வேண்டும். புதிய வெடிப்பு, சாயும் மரம், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் ஆகியவற்றைக் கண்டதும் அவர் கைகாட்ட, ஓட்டுநர் வாதாடாமல் விலகவேண்டும். இருவருக்கும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட சைகை இருத்தல் அவசியம்.

அள்ளிய மண்ணை வீதியின் பள்ளப்புறம் தள்ளிவிடுவது எளிது. ஆனால் கீழே வீடுகள் உண்டு. அடுத்த மழையில் அம்மண் அவற்றின்மேற் செல்லும். வேலை தொடங்குமுன் இயந்திரத்தைச் சுற்றி நடந்து, தடுப்பையும் எண்ணெய்க் குழாய்களையும் சோதித்தல் வேண்டும். வேலை முடிந்ததும் தட்டை நிலத்திற் படிய இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களிற் சிக்கிய சேற்றைக் கழுவி, மூட்டுகளுக்குக் கிறீஸ் இடவேண்டும். உயர்த்திய தட்டின்கீழ் முட்டுக்கொடாமல் யாரும் குனியலாகாது. சரிவின் கீழே இயந்திரத்தை இரவில் விட்டுச் செல்வதும் தகாது.

2025 நவம்பர் 22ஆந் திகதி பஹல கடுகண்ணாவையில் மலைச்சரிவு வீதியோரக் கடையொன்றின் மேல் விழுந்து அறுவரைக் கொன்றது. ஒரு வாரம் செல்லுமுன் ‘டித்வா’ புயல் வந்தது. நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்ட அப்பேரிடரில் கண்டி மாவட்டம் பட்ட துன்பம் மிகப் பெரிது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளாக விடுக்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் ஆயத்தம், 150 பெய்தால் வெளியேற்றம் என்பது அதன் பொதுவான அளவு. குடியிருப்போருக்காக வகுத்த அந்த அளவுகளைச் சரிவின் கீழ் இயந்திரம் ஓட்டுபவரும் மனத்திற் கொள்ளுதல் நன்று. வீதி திறக்கவில்லையென்று மறியலில் நிற்கும் வாகனங்களின் ஒலி, மழை நிற்குமுன் அவரைச் சரிவின் அடிக்குத் துரத்தலாகாது.

மழை ஓய்ந்து வீதி திறந்தபின் பலருடைய கவனத்துக்கும் தப்பும் வேலையொன்று எஞ்சுகிறது. சரிவின் உச்சியிலுள்ள வாய்க்காலையும் வீதியின் கீழுள்ள மதகையும் அடுத்த மழைக்குமுன் துப்புரவாக்கவேண்டும். ஒடுங்கிய மதகின் வாயில் இயந்திரத்தின் தட்டு நுழையாது. அங்கே ஒருவர் மண்வெட்டியோடு இறங்குகிறார். மேலே நிற்பவர் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.