பிடிலும் தப்பும் – ஊவா மலைச்சாரலிலிருந்து ஓர் இசை வரலாற்று நோக்கு

ஓர் இசை உயர்ந்தது என்றும் பிறிதோர் இசை தாழ்ந்தது என்றும் வகுக்கும் வழக்கம் இசையின் உள்ளிருந்து பிறந்ததன்று. அதனை இசைப்போரின் சமூக நிலையே பெரும்பாலும் தீர்மானித்து வந்துள்ளது. கடல் கடந்து வந்த பிடில் என்னும் அயல்நாட்டுக் கருவி இரண்டு தலைமுறைக்குள் கருநாடக இசையரங்கில் பாடகரின் அருகே இடம் பெற்றுவிட்டது. தமிழ் மண்ணிலேயே பிறந்த தப்போ அவ்வரங்கின் வாயிலையும் எட்டவில்லை. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் நிலைக்களமாகக் கொண்டு நோக்கும்போது இம்முரண் மிகத் தெளிவாகப் புலப்படும்.

பிடிலின் வரவு பற்றிய செய்திகள் பலரும் அறிந்தவையே. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னைப் பகுதியில் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் அதனைக் கற்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதில் வல்லவராகி, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடமிருந்து 1834இல் தந்தத்தாலான பிடிலைப் பரிசாகப் பெற்றார். கருவி மாறவில்லை, அதனைப் பிடிக்கும் முறையும் சுருதி கூட்டும் முறையும் மாறின. நின்று வாசிக்கும் ஐரோப்பியரைப் போலன்றித் தரையில் அமர்ந்து, பிடிலின் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி, தந்திகளைச் சட்சமும் பஞ்சமுமாக அமைத்துக்கொண்டனர் நம்மவர். மெட்டுகள் இல்லாத கருவியாதலின் கமகங்களை அது இயல்பாகவே ஏற்றது. எனினும் அதற்குக் கிடைத்தது பக்கவாத்தியம் என்னும் நிலையே. பாடகரின் நிழலாய்த் தொடர்வதே நெடுங்காலம் அதன் பணியாயிருந்தது.

இந்நிலையை மாற்ற முயன்றோருள் வி. இலட்சுமிநாராயணா குறிப்பிடத்தக்கவர். பிடிலைத் தனியரங்குக் கருவியாக உயர்த்த வேண்டும் என்பது அவரது வாழ்நாள் நோக்கம். அவர் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து வந்த காலத்திலேயே அவருடைய மைந்தர் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகிய மூவரும் அங்கு வளர்ந்து தந்தையிடம் வில் பிடிக்கக் கற்றனர். அவர்களின் தாயார் சீதாலட்சுமியும் இசை வல்லவர். 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தை அடுத்து அக்குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்குத் திரும்பியது. ஈழத்து இசை வரலாற்றில் இவ்விழப்பு போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை என்றே கூறவேண்டும்.

மூவருள் இளையவரான சங்கர் (பிறப்பு 1950) 1969இல் அமெரிக்கா சென்று வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசையினவியல் பயின்றார். ஜோன் மக்லாக்லின் என்னும் ஆங்கிலேய கிற்றார்க் கலைஞர், சாகிர் உசேன், தே. எச். விநாயக்ராம் ஆகியோருடன் சேர்ந்து ‘சக்தி’ குழுவில் அவர் வாசித்தார். அக்குழுவின் முதல் இசைத்தட்டு 1975இல் அமெரிக்க மேடையொன்றில் பதிவாகி 1976இல் வெளிவந்தது. சங்கர் தம் பெயரில் வெளியிட்ட முதல் தட்டு 1979இன் ‘டச் மி தெயர்’. அதனைத் தயாரித்தவர் பிராங்க் சாப்பா என்னும் ரொக் இசைக் கலைஞர். கருநாடகப் பயிற்சி பெற்ற விரல்களும் ரொக் தாளமும் ஆங்கிலப் பாட்டும் அதில் ஒன்றுகூடின. உண்மையை உரைப்பின் அது ஆழமான படைப்பன்று. பல இடங்களில் பிடில் சாப்பாவின் கேலிக்கு அலங்காரமாகவே நிற்கிறது. ‘சக்தி’யின் தட்டுகளிலும், அடுத்துத் தூய கருநாடக முறையில் அவர் ஈசிஎம் நிறுவனத்துக்கு வாசித்த தட்டிலுமே அவருடைய முழு ஆற்றல் வெளிப்படுகிறது. தமையனார் சுப்பிரமணியமோ மருத்துவம் பயின்றபின் பிடிலையே தொழிலாகக் கொண்டு, டென்மார்க்கின் ஸ்வெண்ட் அஸ்முசன், பிரான்சின் ஸ்தெபான் கிரப்பெலி முதலிய ஜாஸ் பிடில் கலைஞருடன் இசைத்தட்டுகளை வெளியிட்டார். பக்கவாத்தியமாயிருந்த கருவி உலக அரங்கில் நடுவிடம் பெற்றது. தந்தையின் நோக்கம் தந்தை எண்ணியிராத வழியில் நிறைவேறிற்று எனலாம்.

இனி, இதே காலப்பகுதியில் ஊவாவில் ஒலித்த இசையை நோக்குதல் தகும். கோப்பிக் காலத்திலும், 1870களின் பின் கோப்பி நோயால் அழிந்து தேயிலை பரவிய காலத்திலும், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த மக்கள் பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களில் குடியேறினர். அவர்கள் கொணர்ந்த கருவிகளுள் முதன்மையானது தப்பு. மரவளையத்தில் தோல் போர்த்து, தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றி, தடித்த குச்சி ஒன்றாலும் மெல்லிய குச்சி ஒன்றாலும் அடிக்கப்படுவது அது. அதிகாலையில் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்பே. இறப்பை அறிவித்ததும், திருவிழாவில் ஆட வைத்ததும் அதுவே. துரையின் நேரக் கட்டுப்பாட்டுக்கும் அம்மனின் வரவுக்கும் ஒரே தோல் பயன்பட்டமை நோக்கற்பாலது. அவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளுக்கு ‘லயம்’ என்று பெயர். அது ஆங்கிலச் சொல்லின் திரிபாயினும், தாளத்தைக் குறிக்கும் சொல்லோடு அது ஒலியால் ஒன்றியது விந்தையே.

தப்பின் முழு வளத்தைக் காமன் கூத்தில் காணலாம். மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றப்பட்டு, நாள்தோறும் பாட்டும் ஆட்டமுமாகக் கதை வளர்ந்து, சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதும் இரதி புலம்புவதும் ஓர் இரவு முழுவதும் நிகழ்த்தப்படும். இரதி மன்மதனுக்கு ஓர் அடி, தூதனுக்கு ஓர் அடி, வீரபத்திரனுக்கு ஓர் அடி எனப் பாத்திரந்தோறும் தப்பின் அடி வேறுபடும். ஏட்டில் எழுதாத தாள இலக்கணம் இது. காமன் எரிந்தானா எரியவில்லையா என்று வாதிடும் இலாவணிப் பாட்டும் காமன் விழாவோடு தொடர்புடையது. அந்த இலாவணி மராத்தியரிடமிருந்து தஞ்சை வழியே தமிழுக்கு வந்த வடிவமாகும். பிடிலை வடிவேலு பயின்றதும் அதே தஞ்சைச் சூழலில்தான். ஆகவே பல மரபுகளைக் கலத்தல் என்பது நியூயோர்க்கிலோ இலண்டனிலோ புதிதாகத் தோன்றிய செயலன்று. ஊவாவின் லயத்து முற்றத்திலும் அது நிகழ்ந்துகொண்டேயிருந்தது. ஆயின் அங்கே தப்படித்தவர் பலர் சாதியடுக்கில் கீழ்நிறுத்தப்பட்டவர். தோட்டப் பதிவேட்டில் அவர்கள் கலைஞரல்லர், பேர்க்கணக்குத் தொழிலாளர்.

மலையகப் பாடல்களை அழியாது காக்க முயன்றவருள் முதல்வர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). கவிஞராகவும் 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய அவர் தோட்டந்தோறும் வழங்கிய பாடல்களைத் திரட்டினார். அப்பணியின் அருமை பெரிது. எனினும் அச்சில் ஏறியது சொல் மட்டுமே. மெட்டும் அடியும் தாளில் தங்குவனவல்ல. மலைநாட்டில் பிறந்த குரலொன்று இசைத்தட்டில் ஏறியதுண்டு: ரம்பொடையில் 1923இல் கொழும்புச் செட்டிக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த டெய்சி ரசம்மா டேனியல்ஸ், 1939இல் தம் முதல் இசைத்தட்டைப் பாடி, ருக்மணி தேவி என்னும் பெயரில் நாடு முழுதும் அறியப்பட்டார். ஆயின் அவர் பாடியது சிங்களத்தில். தேயிலைத் தோட்டத்து இசையன்று.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் முடிவு செய்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. 1924 முதல் பதுளையைக் கொழும்போடு இணைத்த புகையிரதப் பாதை, கொழுந்தைச் சுமந்ததுபோல் இப்போது மக்களைச் சுமந்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரம் சேர்ந்தோருள் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களுக்கே மீண்டும் சென்றனர்.

இலட்சுமிநாராயணாவின் குடும்பமும் அத்திசையிலேயே கடல் கடந்தது. அக்குடும்பத்தின் கையிலிருந்த பிடிலுக்குச் சென்னையில் சபைகள் இருந்தன. சென்னைக்கு அப்பால் பல்கலைக்கழகங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் இருந்தன. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இறங்கிய தப்புக்கு அவை எதுவும் இல்லை. திறமையில் ஏற்றத்தாழ்வு உண்டா என்னும் வினாவுக்கே அங்கு இடமிருக்கவில்லை. ஒப்பிடுவதற்கு ஒலிப்பதிவு வேண்டுமன்றோ?

ஊவாவில் எஞ்சியோர்க்கும் அமைதி வாய்க்கவில்லை. 1983 சூலையில் பதுளை நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஆயினும் காமன் கம்பம் மாசி மாதங்களில் மீண்டும் ஊன்றப்பட்டது. இன்று தப்பு பாடசாலை விழாக்களிலும் அரங்குகளிலும் இளைஞரால் அடிக்கப்படுகிறது; சாவு வீட்டுக் கருவி என்று அதனை மறுப்போரும் அதே தோட்டங்களில் உள்ளனர். இவ்விரு தரப்பின் வழக்கு இன்னும் தீரவில்லை.

தாயகம் திரும்பியோரை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலையக மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. பிரிந்து செல்வோரும் வழியனுப்ப வந்தோரும் மேடையில் கட்டிப்பிடித்து அழுத ஓசையே அப்பெயருக்குக் காரணம். நிலையந்தோறும் எழுந்த அவ்வொப்பாரிகள் அந்தந்த நேரத்தில் அந்தந்தப் பெண்களால் கட்டப்பட்டவை. வண்டி நகர்ந்ததும் முடிந்தவை.