தப்பு கோயிலுக்குள் போன தீவு

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கரையான்சாவடியில் நாங்கள் பறை பழகுகிறோம். ஒரு பக்கம் டிரங்க் ரோடும் மெட்ரோ தூண்களும். இன்னொரு பக்கம் ஆவடிக்குப் பிரியும் சாலை. பேருந்து இரைச்சலுக்கு நடுவே எங்கள் அடியும் கேட்கும்.

போன ஆடி மாதம் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவுக்கு எங்கள் குழுவை அழைத்தார்கள். போனோம். தெருமுனையிலேயே நிற்கச் சொன்னார்கள். "சாமி புறப்படும்போது இங்கிருந்தே அடிங்க, வாசல் பக்கம் மட்டும் வராதீங்க" என்றார்கள். அடிக்காமல் திரும்பி வந்தோம். வரும் வழியில் முதலாமாண்டு படிக்கும் ஒரு தங்கை கேட்டாள்: "தோழர், சாவுக்கும் தெருமுனைக்கும்தான் இந்தக் கருவின்னா, இதை ஏன் நாம சுமக்கணும்?"

அன்று அவளுக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில். அந்தப் பதில் கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் என்ற சிறிய தீவில் இருக்கிறது. அங்கே தப்பு கோயிலுக்குள் இருக்கிறது. அது அடிக்கப்படாமல் சாமி வராது.

யார் போனார்கள்?

மார்த்தினிக் இன்றும் பிரான்சின் பகுதி. ஏறக்குறைய 1,100 சதுர கிலோமீட்டர் பரப்பு. கரும்புக்காக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்த தீவு. 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. விடுதலையான கறுப்பின மக்கள் கூலி கேட்டார்கள், பேரம் பேசினார்கள், பலர் தோட்டத்தை விட்டே வெளியேறினார்கள். வெள்ளை முதலாளிகளுக்குப் பேரம் பேசாத கைகள் தேவைப்பட்டன. அவர்கள் நம் கரையைப் பார்த்தார்கள்.

1853 மே மாதம் 'ஓரெலி' என்ற கப்பல் 300-க்கும் மேற்பட்ட இந்தியர்களோடு சேன்-பியேர் துறைமுகத்தில் போய் நின்றது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஏறக்குறைய 25,000 பேர் மார்த்தினிக்குக்கும், 40,000-க்கும் மேற்பட்டோர் பக்கத்துத் தீவான குவாதலூப்புக்கும் போனார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் அதிகம். 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்ட பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் எடுக்க வழி திறந்தது.

அப்போது நம் பூந்தமல்லி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. மேற்கே ஆற்காட்டிலிருந்து மதராஸ் துறைமுகத்துக்கு வருகிறவர்களுக்கு இந்தச் சாலைதான் சாலை. வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று வரிசையாக நிற்கும் பெயர்களைக் கவனியுங்கள். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம்.

அந்த வழிப்போக்கர்கள் ஊரில் எப்படி வாழ்ந்தார்கள்? 1843-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் அடிமை முறைக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை எடுத்தது. பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். சேரி மனையும் மிராசுதாரின் பிடியில். 1876-78 தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையைப் படித்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக வந்ததுதான். அப்படிப்பட்ட ஊரைவிட்டுக் கப்பலேறியவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருந்தொகையாக இருந்ததில் வியப்பு என்ன?

போன இடத்தில் என்ன கிடைத்தது?

சொர்க்கம் கிடைக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆணுக்கு மாதம் பன்னிரண்டு பிராங்கு சொச்சம், ஆளுக்கு ஒரு பதிவு எண். அடிமைகள் வாழ்ந்த அதே குடிசை வரிசைகளில்தான் இவர்களையும் குடிவைத்தார்கள். வேலைக்கு வராத நாளுக்குக் கூலி வெட்டு. ஒப்பந்தத்தை மீறினால் சிறை. ஊர் திரும்பக் கப்பல் உண்டு என்று எழுதியிருந்தது. எல்லோரும் திரும்பவில்லை. செத்தவர்கள் ஏராளம்.

கறுப்பின மக்களும் இவர்களை வரவேற்கவில்லை. தங்கள் கூலியை உடைக்கக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று பார்த்தார்கள். அது பொய்யும் இல்லை. ஒடுக்கப்பட்ட இரண்டு கூட்டத்தை மோதவிட்டு முதலாளி லாபம் பார்த்தான். 'கூலி' என்ற நம் சொல் அங்கே வசைச்சொல் ஆனது. நாய் தின்னி என்று ஏசினார்கள்.

ஒப்பந்தம் முடிந்து தோட்டத்தை விட்டுத் தலைநகர் ஃபோர்-த-பிரான்சுக்கு வந்தவர்கள் ஒரு ஒதுக்குப்புறத்தில் குடியேறினார்கள். நகராட்சி அவர்கள் கையில் கொடுத்தது துடைப்பத்தை. தெருக் கூட்டுவதும் சாக்கடை தள்ளுவதும் 'கூலி'யின் வேலை ஆயின. எந்தக் கூலியும் ஒருநாள் சாக்கடைக்கு வந்துதான் தீர வேண்டும் என்ற பொருளில் கிரியோல் மொழியில் ஒரு பழமொழியே உண்டு. கடல் தாண்டியும் துடைப்பம் விடவில்லை. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் விடியற்காலையில் குப்பை வண்டி தள்ளும் நம் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தெருவில் காண்பவை

இன்று மார்த்தினிக்குக்குப் போகிறவர்களுக்குச் சுற்றுலாப் புத்தகம் காட்டும் காட்சிகள் மூன்று. மூன்றிலும் நாம் இருக்கிறோம்.

முதலாவது துணி. தீவுப் பெண்கள் விழா நாட்களில் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்குப் பெயரே 'மதராஸ்'. அந்தத் தலைக்கட்டின் முனைகளை வைத்து ஒரு பேச்சு உண்டு: ஒரு முனை என்றால் மனசு காலி, இரண்டு என்றால் ஒருவருக்குக் கொடுத்தாயிற்று, மூன்று என்றால் கல்யாணம் ஆயிற்று, நான்கு என்றால் இன்னும் இடமிருக்கிறது! சிரிக்கலாம். ஆனால் இந்தத் துணி கூலிகளுக்கு முன்பே அங்கே போய்விட்டது. இந்தியப் பருத்தித் துணியை மேற்கு ஆப்பிரிக்காவில் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள் ஐரோப்பிய வணிகர்கள். முதலில் நம் நெசவு அடிமைக்கு விலையாகப் போனது, பிறகு அந்த அடிமையின் இடத்துக்கு நம் மக்கள் போனார்கள்.

இரண்டாவது சாப்பாடு. மார்த்தினிக், குவாதலூப் இரண்டிலும் விருந்துக்கு 'கொலொம்போ' வேண்டும். மஞ்சள், மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு சேர்த்த பொடியில் ஆட்டுக்கறியோ கோழியோ போட்டு, சோற்றோடு தருவார்கள். கறுப்பர், வெள்ளையர், இந்திய வம்சாவளியினர் எல்லோரும் இதைத் தங்கள் உணவு என்கிறார்கள். குழம்பு என்ற சொல் நாக்கு மாறிக் கொலொம்போ ஆனது என்று அங்குள்ள தமிழ் வம்சாவளியினர் சொல்கிறார்கள். சேரிச் சமையலைத் தொடக்கூடாது என்று இங்கே சட்டி உடைத்த காலத்தில், அங்கே அதே சட்டி ஒரு தீவின் தேசிய உணவாகிக்கொண்டிருந்தது.

மூன்றாவது கோயில். தீவின் வடக்கே பெலே எரிமலை. 1902 மே 8 அன்று அது வெடித்துச் சேன்-பியேர் நகரைச் சில நிமிடங்களில் அழித்தது. ஏறக்குறைய 28,000 பேர் மாண்டார்கள். ஓரெலி வந்து நின்ற துறைமுகம் அதுதான். அந்த மலைக்கு அந்தப் பக்கம், கறுப்பு மணல் கரையில், கரும்பும் வாழையும் சூழ்ந்த ஊர் பாஸ்-புவாந்த். கவிஞர் எமே செசேர் 1913-இல் பிறந்தது அங்கேதான். அந்த வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் கட்டிய சிறு கோயில்கள் இன்றும் இருக்கின்றன.

உள்ளே யார்? 'மாலியேமேன்' என்ற மாரியம்மன். 'மால்தெவிலேன்' என்ற மதுரை வீரன், குதிரையோடு. வேண்டுதல் பாட்டில் 'நாகூமிலா' என்ற பெயரும் வரும். அது நாகூர் மீரான், நம் நாகூர் ஆண்டவர். பெருந்தெய்வம் எதுவும் முன்னால் இல்லை. சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன் என்று நாம் கதை கேட்ட மதுரை வீரன்தான் அங்கே முன்னிலையில் நிற்கிறான்.

பூசை நாளில் முதல் வேலை தப்பைத் தீயில் காய்ச்சுவது. வட்டச் சட்டம், ஆட்டுத்தோல், இரண்டு குச்சிகள். பெயர் 'தப்பு'தான், 'தாப்பு' என்று கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள். அடி ஏற ஏறப் பூசாரிக்கு அருள் வரும். இரண்டு பேர் பிடித்திருக்கும் வெட்டரிவாளின் கூர்மேல் அவர் ஏறி நின்று, தமிழில் பேசுவார். அந்தத் தமிழ் கூடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புரியாது. ஒருவர் கிரியோலில் சொல்வார். பிறகு ஒரே வெட்டில் ஆட்டுப் பலி. பிறகு கொலொம்போ, வாழையிலையில். உண்பவர்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இருப்பார்கள், வேண்டுதல் வைத்துப் பூசை செய்விப்பவர்களிலும் இருப்பார்கள்.

மார்த்தினிக்கின் இந்த மேளத்தை ஆராய்ந்த மோனிக் தெரோஷ் என்ற இசை ஆய்வாளர் முக்கியமான ஒன்றைக் கவனித்தார்: இந்தியாவில் தீண்டத்தகாதவர் கருவி என்று ஒதுக்கப்பட்ட தப்பு, தீவில் தெய்வத்தை அழைக்கும் புனிதக் கருவியாகிவிட்டது.

சாதி எங்கே போனது?

தோல் அதே ஆட்டுத்தோல். தீயும் அதே தீ. அப்படியானால் தீட்டு எங்கே போனது?

தீட்டுக்குத் தேவையான ஊர் அங்கே இல்லை. கப்பலில் ஒரே பானைச் சோறு. தோட்டத்தில் முதலாளி காட்டிய குடிசையில்தான் தூக்கம்; ஊரும் சேரியும் பிரித்துக் கட்டப்படவில்லை. நிலம் எந்தச் சாதியின் கையிலும் இல்லை, எல்லாம் வெள்ளையன் கையில். பெண்கள் குறைவாகவே கப்பலேறியதால் சாதி பார்த்துக் கல்யாணம் செய்ய வழியில்லை. பிரெஞ்சு எழுத்தர் ஒருவனின் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராக எழுதினார்: வீராசாமி, முத்துசாமி, சிதம்பரம் என்று. சாதி ஒட்டு பெரும்பாலும் கரையிலேயே நின்றுவிட்டது.

அகமணம்தான் சாதியின் உயிர் என்று 1916-இலேயே அண்ணல் அம்பேத்கர் சொன்னார். மார்த்தினிக் அதற்கு ஒரு சாட்சி. எதிர்ச் சாட்சியும் உண்டு: இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஊர் ஊராக, சொந்தம் சொந்தமாக ஆள் கூட்டிப்போனார்கள். ஊரோடு சாதியும் போனது. லயங்களிலும் சாதி பார்த்துக் குடிவைத்தார்கள். ஆக, கடல் சாதியைக் கழுவாது. நிலமும் குடியிருப்பும் கல்யாணமும் பூசையும் ஒரே பிடியில் இல்லாதபோதுதான் அது உதிர்கிறது.

சட்ட உரிமை அங்கேயும் சும்மா வரவில்லை. குவாதலூப்பில் 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரம், கூலிகளின் பிள்ளைகளுக்கும் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று 1904-இல் வழக்காடத் தொடங்கினார். வென்றது 1923-இல். அதற்கு அடுத்த ஆண்டு, 1924-இல், இங்கே மதராஸ் சட்ட மேலவையில் நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது: பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் ஒடுக்கப்பட்டோருக்குத் தடை இருக்கக் கூடாது என்று. அங்கே வாக்குச்சீட்டு, இங்கே தெருவில் கால் வைக்கும் உரிமை. இரண்டும் ஒரே மக்களின் பேரப்பிள்ளைகள் கேட்டவை.

இப்போது அந்தத் தீவுகளுக்கும் 'சரியான' வழிபாடு போய்ச் சேர்கிறது. பலி கூடாது, சைவம்தான் சிறந்தது என்ற குரல்கள் கேட்கின்றன. சாதியில்லாமல் சாமி கும்பிட்டவர்களுக்கு நாம் இங்கிருந்து எதை ஏற்றுமதி செய்கிறோம் என்று கவனிக்க வேண்டியிருக்கிறது.

தங்கையின் கேள்விக்கு வருவோம். தப்பில் இழிவு இல்லை. இழிவு அந்தத் தெருமுனையில் இருக்கிறது, நம்மை அங்கே நிற்கச் சொன்ன வாயில் இருக்கிறது. தெருமுனை இல்லாத ஊரில் அதே தப்பு கருவறைக்கு எதிரே அடிக்கப்படுகிறது. ஆகவே சாவுக்கு அடி என்று கட்டாயப்படுத்தினால் மறுப்போம். வாசலுக்கு வராதே என்றால் போன ஆடியில் செய்ததுபோல் அடிக்காமல் திரும்புவோம். பழகுவதை மட்டும் விடமாட்டோம். கூடவே துடைப்பத்தைப் பற்றியும் பேசுவோம். தீட்டைத் துறந்த தீவும் துடைப்பத்தை நம் கையிலேயே கொடுத்தது என்பதை மறந்தால் பாதி வரலாறுதான் படித்ததாகும்.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணி. குச்சி இல்லாதவர்கள் சும்மா வாருங்கள், கூடுதலாக வைத்திருக்கிறோம். அந்தத் தங்கைதான் இந்த முறை முதல் அடி அடிக்கப்போகிறாள்.

ஜெய் பீம்.