அம்பும் நாணயமும்: சூதின் கணக்கை ஆய்ந்தோர்

சூதைப் பழித்தவர் பலர். அதன் கணக்கை அமர்ந்து ஆய்ந்தவர் சிலரே. இன்று மேனாடுகளில் ஒரு புதிய எழுத்தாளர் கூட்டம் தோன்றியுள்ளது. இணையச் சூதாட்டக் களங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அவற்றின் விதிமுறைகளை வரி விடாமல் படித்து மதிப்புரை வரைவதே அவர்தம் தொழில். வென்ற தொகை எத்தனை நாளில் கைக்கு வரும், எவ்வளவு சேர்ந்த பின் கேட்டுப் பெறலாம், இலவச நாணயம் எவ்வளவு என்றெல்லாம் அவர்கள் குறித்து வைக்கின்றனர். இத்தகைய நுண்ணாய்வு நம் முன்னோர்க்குப் புதிதன்று. அவர்கள் கேட்ட வினாதான் வேறு.

இஸ்லாத்துக்கு முந்திய அரபிகளின் 'மைஸிர்' ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒட்டகத்தை அறுத்துக் கூறிட்டு அம்புகளை உருவுவர். பத்து அம்புகளில் ஏழுக்கு மட்டுமே பங்குண்டு. 'ஃபத்து' என்னும் முதல் அம்புக்கு ஒன்று. 'முஅல்லா' என்னும் ஏழாவதற்கு ஏழு. ஆக மொத்தம் 28 பங்குகள். ஏனைய மூன்றும் வெற்றம்புகள். ஹிஜ்ரி 276இல் மறைந்த இப்னு குதைபா, இவ்வாட்டத்தையும் அதன் அம்புகளையும் விளக்குவதற்கென்றே ஒரு தனி நூல் எழுதினார்.

ஒட்டகம் எத்தனை கூறாக்கப்பட்டது என்பதிலும் அறிஞரிடையே வாதம் எழுந்தது. மொழியறிஞர் அஸ்மயீ 28 என்றார். அந்தலுஸ் நாட்டு இப்னு அதிய்யா, அது பிழை, பத்தே கூறுகள் என்று திருத்தினார். இமாம் குர்துபீ அதனைத் தம் விரிவுரையில் எடுத்தாண்டார். இஃது வெறும் எண் வழக்கன்று. கூறுகள் 28 ஆயின் ஏழு அம்புக்குரியோரும் தத்தம் பங்கைப் பெற்றுவிடுவர். போட்டிக்கு அங்கே இடமேது? பத்தாயின், முந்தி வரும் இரண்டு மூன்று அம்புகளிலேயே இறைச்சி தீர்ந்துவிடும்; எஞ்சியோர் வெறுங்கையுடன் விலை கொடுப்பர். எவன் இழப்பில் எவன் பெறுகிறான் என்பதே அவ்வறிஞர்களின் கணக்குக் காட்டிய உண்மை.

வென்றவன் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கிவிடுவதும் அக்கால வழக்கம். ஆதலின் மைஸிரில் நன்மை இல்லையென்று திருமறை கூறவில்லை. மனிதர்க்குச் சில பயன்கள் உண்டென்று ஒப்புக்கொண்டு, அதன் பாவம் அப்பயனினும் பெரிதென்று தீர்ப்பளிக்கிறது (2:219). தருமத்தின் போர்வையைப் பார்த்து மயங்காமல் இருபுறமும் நிறுத்துப் பார்க்கும் முறையை நாம் இங்கே கற்கிறோம்.

இந்தப் போர்வை பிற்காலத்திலும் கிழியவில்லை. 'ஸ்வீப்ஸ்டேக்' என்ற சொல்லே குதிரைப் பந்தயத் திடலில் புழங்கியது. 1930இல் தொடங்கிய அயர்லாந்து ஸ்வீப்ஸ்டேக், மருத்துவமனைகளின் பெயரால் உலகெங்கும் சீட்டு விற்று 1987 வரை நடந்தது. நம் மாநிலத்திலும் 1968இல் அண்ணா ஆட்சியில் அரசுப் பரிசுச் சீட்டு பிறந்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற முழக்கத்தை மூத்தோர் மறந்திரார். 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரிச் சீட்டு முழுவதையும் தடை செய்தது.

சென்னையின் தென்புறத்தார்க்கு இவ்வரலாறு அண்டை வீட்டுச் செய்தி. 1896இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் தோன்றியது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓடத் தொடங்கிய மின்சார ரயிலுக்குக் கிண்டி ஒரு நிலையம். பந்தயத்தை ஒழிக்க 1974இல் தமிழகம் சட்டம் இயற்றியது. ஆனால் 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையின் பாற்பட்டது, சூதன்று என்று தீர்ப்பளித்தது. ரம்மியையும் அது 1967லேயே திறமை ஆட்டமென்று கூறியிருந்தது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டித் திடலின் குத்தகையை நீக்கி நிலத்தைக் கைக்கொண்டது.

இப்போது அமெரிக்காவின் 'ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோ'வை நோக்குவோம். பரிசு, நற்பேறு, கொடுக்கும் பணம் ஆகிய மூன்றும் கூடினாலே சூது என்பது அந்நாட்டுச் சட்டத்தின் பொது வழக்கு. இக்களங்கள் மூன்றாவதை உருவி விடுகின்றன. 'தங்க நாணயம்' என்ற ஒன்றை விற்பர். அதற்குப் பண மதிப்பில்லை. அதனுடன் 'ஸ்வீப்ஸ் நாணயம்' இலவச இணைப்பாக வரும். அதனைக் குறைந்தது ஒரு முறையேனும் ஆடிய பின்னர்ப் பணமாக மாற்றலாம். அஞ்சலில் கடிதம் எழுதியும் இலவசமாகப் பெறலாமாம்! எனவே இது விற்பனையே, சூதன்று என்பது அவர்கள் வாதம். கலிபோர்னியா இதனை ஏற்கவில்லை. 2025இல் தடைச் சட்டம் இயற்றி, 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது.

இத்தகைய வாதத்துக்கு நம் சட்டநூல்களில் உரைகல் உண்டு. குதிரைப் பந்தயத்தில் இருவரும் பணயம் வைத்தால் அது சூது. பணயம் வைக்காத மூன்றாமவன் தன் குதிரையுடன் இடையே வந்தால் கூடும் என்பது நம் ஷாஃபியீ மத்ஹபின் முடிவு. அவனுக்கு 'முஹல்லில்' என்று பெயர். ஆயின் அவன் குதிரை மற்ற இரண்டுக்கும் ஈடானதாக இருத்தல் வேண்டும். தோற்பது உறுதியான நொண்டிக் குதிரையைப் பெயருக்கு நிறுத்தினால் சூது சூதே. அஞ்சல் கடிதம் என்னும் இலவச வாயிலும் அத்தகைய நொண்டிக் குதிரைதானா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வருவாய் முழுவதும் நாணயம் வாங்குவோரிடமிருந்தே வருகிறதென்றால் விடை வெளிப்படை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். நூற்றுக்கு 96 திரும்பி வரும் ஆட்டமென்று மதிப்புரையாளர் ஒருவர் பாராட்டி எழுதுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு நூறுக்கும் சராசரி இழப்பு நான்கு. கையிலுள்ள நூறு ரூபாயையே மீண்டும் மீண்டும் வைத்து 2,500 ரூபாய் அளவுக்கு ஆடினால் சராசரி இழப்பு நூறு. முதல் முழுவதும் போயிற்று. 96 என்ற எண் பொய்யன்று. அது யாருக்கு நன்மை என்பதே எழுதப்படாத வரி.

நம் நாட்டிலும் சட்டம் தடுமாறியே நடந்தது. இணையச் சூதால் நேர்ந்த தற்கொலைகள் பெருகவே, 2022இல் நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா நற்பேறா என்ற வாதத்தையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்தாடும் இணைய ஆட்டம் அனைத்தையும் தடுத்தது.

ஆயினும் கைப்பேசிக்கு எல்லை இல்லை. பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ மாதச் சம்பளம் கைக்கு வந்த இரவில், அயல்நாட்டுக் களமொன்றை ஓர் இளைஞன் திறந்துவிடக் கூடும். நுணுக்கமான மதிப்புரையும் அவன் கண்ணில் படும். எந்தக் களம் விரைந்து பணம் தரும் என்பது வரை அதில் இருக்கும். எவன் இழப்பிலிருந்து அப்பணம் வருகிறது என்ற வினா இராது. அதனை வீட்டில் தந்தையும் தாயும் கேட்கட்டும். கணக்கைத் தாளில் எழுதியே அவனுக்குக் காட்டட்டும்.